ஆடியில் ஆறிய புண்

ஆடி 2, வெள்ளி

அரிசி மண்டியில் கொடுத்த டைரி இது. இதுவரை கத்தரிக்காய் எத்தனை கிலோ, தேங்காய் எத்தனை என்றுதான் இதில் எழுதியிருக்கிறேன். இன்றிலிருந்து என் காலைப் பற்றி எழுத வேண்டுமாம். கட்டுப் போடும் சிஸ்டர் பொன்மலரின் உத்தரவு. சுகர் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன், எவ்வளவு நேரம் நின்றேன், எல்லாம் எழுதி, திங்களும் வெள்ளியும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எட்டாம் வகுப்பு தேறாத கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தாறு வயதில் வீட்டுப்பாடம்.

இங்கிலீஷ் தேதி எனக்கு ஒத்துவராது. நான் தவசிப்பிள்ளை, கல்யாணச் சமையல்காரன். முகூர்த்த நாளை வைத்துத்தான் எனக்குக் காலம் ஓடுகிறது. அதனால் தமிழ்த் தேதியிலேயே எழுதுகிறேன்.

வலது உள்ளங்காலில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே புண். மாசியில் வந்தது. வீட்டில் நான் நடந்த இடமெல்லாம் ரத்தப் பொட்டு இருந்ததைப் பார்த்து என் மனைவி உலகம்மாள்தான் கண்டுபிடித்தாள். உள்ளே ஒரு கரித்துண்டு இருந்தது. அடுப்பிலிருந்து தெறித்த நெருப்புக் கங்கை எப்போதோ மிதித்திருக்கிறேன். மிதித்தது தெரியவே இல்லை. சுகர் இருந்தால் கால் மரத்துப்போகுமாம். என் நேரம், வேறென்ன சொல்ல.

ஐந்து மாதம் களிம்பும் மாத்திரையும் போட்டு ஆறாமல், இப்போது நம் சங்கரன்கோவிலிலேயே டாக்டர் அபுதாகிரின் கிளினிக்குக்கு வந்திருக்கிறேன். ஆறாத புண்ணுக்கென்றே வைத்திருக்கிறார். ஓசோன் என்று ஒரு கேஸைப் புண்ணில் விடுகிறார்கள். ஊரே அதைத்தான் பேசுகிறது. டாக்டர் மட்டும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

"அண்ணாச்சி, இது ஒரு உதவிதான். இதாலதான் ஆறும்னு இன்னும் முழுசா நிரூபிக்கல. பாதி டாக்டர் இதை ஒத்துக்கவே மாட்டாங்க. கட்டு, சுகர், கால் ஊணாம இருக்கது, இந்த மூணும் இல்லன்னா ஓசோன் வெறும் காத்துதான்."

ஆறாவிட்டால் என்ன ஆகும் என்று உலகம்மாள் கேட்டாள். எலும்பைத் தொட்டால் விரல் போகும், அதற்குமேல் ஏறினால் கால் போகும் என்றார். சுற்றி வளைக்காத மனுஷன். எட்டு அடுப்புக்கு முன்னால் ஓடியாடி நிற்கிற தொழில். கால் போனபின் கைப்பக்குவத்தை வைத்து என்ன செய்ய?

சுகர் 286. புண் 3.2 செ.மீ. நீளம், 2.8 அகலம். நின்ற நேரம்: அரை மணி.

ஆடி 5, திங்கள்

காலை நனைத்து, முழங்காலுக்குக் கீழ்வரை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, பையின் வாயை டேப் சுற்றி அடைக்கிறார்கள். பக்கத்தில் மிக்ஸி அளவுக்கு ஒரு மெஷின். அதிலிருந்து குழாய் வழியாகக் கேஸ் வந்து பை பூரி மாதிரி உப்புகிறது. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். வலி கிடையாது. வலித்திருந்தால்தான் மாசியிலேயே தெரிந்திருக்குமே.

ஜெராக்ஸ் கடை வாசனை அடித்தது. சமையல்காரன் மூக்கு, சும்மா இருக்குமா? இழுத்துப் பார்த்தேன். சிஸ்டர் அதட்டினார். புண்ணுக்குத்தான் இது, நெஞ்சுக்கு ஆகாதாம். பிறகு அந்தக் கேஸை ஏற்றிய எண்ணெயைத் துணியில் நனைத்துக் கட்டினார்கள். அதையும் முகர்ந்து பார்த்தேன். அந்த வாசனையில் ஒரு டின் என் சமையல் கொட்டகைக்கு வந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

சுகர் 240. நின்ற நேரம்: இருபது நிமிடம். குளிக்கவும் சாமி கும்பிடவும்.

ஆடி 9, வெள்ளி

2.9, 2.5. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்கிறது. அதற்கும் ஒரு டைரி போட வேண்டும்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. உலகம்மாள் புளியோதரை, தேங்காய்ச் சோறு எல்லாம் செய்தாள். புளிக்காய்ச்சல் இன்னும் கொஞ்சம் சுண்டியிருக்க வேண்டும். சொன்னேன். எழுந்து வந்து சுண்டவைக்க வேண்டியதுதானே என்றாள். எழுந்திருக்கக்கூடாது என்று காவல் இருப்பவளும் அவள்தான்.

சோறு நாலு கரண்டி. ஐந்து என்று உலகம்மாள் எழுதச் சொல்கிறாள். ஐந்து.

ஆடி 22, வியாழன்

ஆடித்தபசு, நம் ஊர் அம்மன் கோயில் திருவிழா. ஊர் முழுக்கக் கூட்டம். நான் போகவில்லை. வெறுங்காலோடு கோயிலைச் சுற்ற முடியாது, செருப்போடு சுற்றவும் முடியாது. வீட்டில் இருந்தபடியே கோமதியம்மாளைக் கும்பிட்டேன். என் பெயரே அவள் போட்டதுதான்.

உலகம்மாள் கோயில் புற்றுமண் கொண்டுவந்து புண்ணில் வைக்கலாமா என்று கேட்டாள். சிஸ்டரின் முகத்தை நினைத்துக்கொண்டு, நெற்றியில் வை போதும் என்றேன். வைத்தாள். கொஞ்சம் அழுதாள்.

ஆடி 23, வெள்ளி

1.7, 1.4. சுகர் 170. சிஸ்டர் கட்டம் போட்ட கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்தார். ஆடி இரண்டில் வரைந்ததையும் இன்று வரைந்ததையும் சேர்த்துக் காட்டினார். பணியாரம் அளவு இருந்தது சின்ன வெங்காயம் அளவுக்கு வந்திருக்கிறது.

வெளியே பெஞ்சில் சண்முகத்தாய் உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷம் என் கொட்டகையில் காய் நறுக்கியவள். போன வருஷம் பங்குனியில் ஒரு கல்யாணத்தில் கங்கை மிதித்துவிட்டாள். குதிகாலில் புண். அதிலிருந்து வருவதில்லை. அடுப்புப் பக்கம் பார்த்து நடக்க வேண்டாமா?

"அண்ணாச்சி, உங்களுக்குமா?" என்று கேட்டாள்.

சும்மா சின்னப் புண் என்றேன். அவளும் அதே மெஷினுக்குத்தான் வந்திருக்கிறாள். அவளுக்கும் சுகராம். காலில் தடியான செருப்பு போட்டிருந்தாள். டாக்டர் வாங்கச் சொன்னதாம். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி 30, வெள்ளி

0.8, 0.6. ஒரு மிளகு போட்டால் மூடிவிடும். ஓசோன் ஓசோன்தான். இனி யாருக்குப் புண் வந்தாலும் இங்கேதான் அனுப்புவேன். பந்தல்காரர், மேளக்காரர், மண்டப மேனேஜர் மூவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். டாக்டரிடமும் சொன்னேன். அவர் சிரிக்காமல், கால் ஊணாமல் இருக்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள் என்றார். நல்ல வைத்தியர், தன் மெஷின் அருமை தனக்கே தெரியவில்லை.

நாளை மறுநாள் ஆவணி பிறக்கிறது. முதல் முகூர்த்தம் நாலாம் தேதி.

ஆவணி 4, புதன்

களப்பாகுளத்தில் கல்யாணம். நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாது. அடுப்புப் பற்றவைக்குமுன் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, கற்பூரம் காட்டி, அப்புறம்தான் முதல் கொள்ளி. அந்த நிமிடத்திலிருந்து பந்தி முடிகிறவரை அது சந்நிதி. முப்பது வருஷமாக என் அடுப்பு முன்னால் ஒருவர் செருப்புப் போட்டு நின்றதில்லை. மண்டப முதலாளி வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் வருவார். கட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டேன். ஈரம் படாது.

நின்ற நேரம்: பத்து நிமிடம்.

ஆவணி 6, வெள்ளி

1.3, 1.0. ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியதுபோல இருந்தது.

ஆவணி 12, வியாழன்

முகூர்த்தம். நாற்காலியில்தான் இருந்தேன். பத்து நிமிடம்.

ஆவணி 13, வெள்ளி

இன்றும் முகூர்த்தம். கிளினிக்குக்குப் போக முடியவில்லை. அவியலுக்குத் தயிர் புளித்துவிட்டது, நான் நிற்காமல் யார் நிற்பது? பத்து நிமிடம்.

ஆவணி 16, திங்கள்

2.1, 1.9. ஆழம் கூடியிருக்கிறதாம்.

சிஸ்டர் கட்டைப் பிரித்தார். அடித்துணி மஞ்சளாக இருந்தது. இடுக்கியால் எதையோ எடுத்துத் தட்டில் போட்டார். கடுகு. ஒரே ஒரு கடுகு. அண்ணாச்சி, தாளிச்சியளா என்று கேட்டார். வீட்டில் உலகம்மாள் தாளிக்கும்போது தெறித்திருக்கும் என்றேன். கட்டுக்குள்ளயா என்றார். பக்கத்தில் நின்ற உலகம்மாள் அந்தக் கடுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாற்காலியில் சண்முகத்தாய். அவள் புண் மூடிவருகிறது. இன்னும் இரண்டு தடவை போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே மெஷின், ஒரே கேஸ், ஒரே சிஸ்டர். அவளுக்கு மூடுகிறது, எனக்குத் திறக்கிறது. எனக்கு வைக்கும்போது கேஸைக் குறைக்கிறீர்களா என்று கேட்டே விட்டேன். சிஸ்டர் கோபப்படாமல் மெஷினில் முள் நின்ற இடத்தைக் காட்டினார். இருவருக்கும் ஒரே எண்தான்.

வெட்கமாக இருந்தது.

ஆவணி 19, வியாழன்

முகூர்த்தம். பத்து நிமிடம்.

ஆவணி 20, வெள்ளி

இன்று நடந்ததை எழுதாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். உலகம்மாள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

சிஸ்டர் இந்த டைரியை வாங்கி முதலிலிருந்து படித்தார். சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். புண் பெரிதான தேதிகளையும் முகூர்த்தத் தேதிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஆடி முழுக்க ஒரு நாளாவது அடுப்பு முன்னால நின்னியளா, அண்ணாச்சி?"

"ஆடியில எவன் கல்யாணம் வைப்பான்?"

"அப்ப உங்க புண்ணை ஆத்துனது ஓசோனா, ஆடி மாசமா?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று உலகம்மாள் முணுமுணுத்தாள். அதோடு நிறுத்தவில்லை. பத்து நிமிடம் என்று நான் எழுதிய நாட்களில் விடிகாலை மூன்று மணிக்குப் போய்ப் பகல் ஒரு மணிக்கு வந்ததையும், நாற்காலியில் என் துண்டு மட்டும்தான் உட்கார்ந்திருந்ததையும் சொல்லிவிட்டாள். மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறவளிடம் விசாரித்திருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள், போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்.

டாக்டர் வந்து திட்டவில்லை. செருப்பு, நாற்காலி, இரண்டும் இருந்தால் தொழிலுக்குப் போகலாம், இல்லையென்றால் போகாதீர்கள் என்றார். அடுப்பு முன்னால் செருப்புப் போட முடியாது என்றேன். அது சாமி விஷயம், அதில் நான் தலையிட முடியாது, கால் விஷயம் மட்டும் சொல்கிறேன் என்றார்.

2.6, 2.2.

ஆவணி 27, வெள்ளி

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவியலை எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆவணி 28, சனி

காய்ச்சல். கணுக்கால் வரை சிவந்திருக்கிறது.

ஆவணி 30, திங்கள்

மழுங்கின கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார் டாக்டர். டொக் என்று ஒரு தட்டல். எனக்கு வலி இல்லை, ஆனால் கம்பி எலும்பைத் தொட்டுவிட்டது என்று புரிந்தது. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். எலும்புக்குள் சீழ் போய்விட்டது. இதற்குமேல் ஓசோன் பிரயோசனமில்லை, உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார். சிஸ்டர் பொன்மலர் ஆட்டோ வரை வந்தார். டைரியையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

புரட்டாசி 1, புதன்

நாளைக் காலை ஆபரேஷன்.

புரட்டாசி 9, வியாழன்

பெருவிரலும் அடுத்த விரலும் இல்லை. பாதம் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று இங்கே சொன்னார்கள்.

அழுதேன். சிஸ்டர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். விரலுக்காக மட்டும் அழவில்லை. சந்நிதி சந்நிதி என்று சொல்லிக்கொண்டு நின்றவன் நான். எந்தச் சாமியும் என்னிடம் வந்து விரலைக் கேட்கவில்லை.

புரட்டாசி 17, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. சுகர் 148. தையல் போட்ட இடம் காய்ந்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது. அதற்கு மறுபடியும் அபுதாகிர் டாக்டரிடம் அதே பை, அதே கேஸ். இந்தத் தடவை ஓசோனைப் புகழவும் இல்லை, வையவும் இல்லை. புரட்டாசியிலும் கல்யாணம் கிடையாது. அதனால் இதற்குள் ஆறினால் அந்தப் பெருமை யாருக்கு என்று கேட்காதீர்கள் என்று நானே சிஸ்டரிடம் சொன்னேன். அவர் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

புரட்டாசி 23, வியாழன்

சண்முகத்தாய் பார்க்க வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள். உலகம்மாள் வேண்டாம் என்று தடுத்து, அப்படியே உள்ளே கூட்டிவந்தாள். அவளுடைய குதிகால் முழுதாக மூடிவிட்டது. காட்டினாள். வட்டமாக, வெளுப்பாக, புதுத் தோல்.

காப்பி குடித்துவிட்டு, கார்த்திகையில் அடுப்பு ஏற்றுவீர்களா அண்ணாச்சி என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் போனபின், நீங்கள் இன்னும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள் உலகம்மாள். எதை என்று கேட்டேன். அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

புரட்டாசி 24, வெள்ளி

எதை என்று எனக்குத் தெரியும்.

ஆடி 23ஆம் தேதி நான் எழுதியது பாதிதான். போன வருஷம் பங்குனிக் கல்யாணத்துக்குச் சண்முகத்தாய் செருப்போடுதான் வந்தாள். குதிகால் வெடித்து ரத்தம் கசிகிறது, இன்றைக்கு மட்டும் அண்ணாச்சி என்று கேட்டாள். காய் நறுக்குகிற இடத்தோடு இருந்திருந்தால் விட்டிருப்பேன். விறகு தள்ள ஆள் குறைந்ததால் நான்தான் அவளை அடுப்புப் பக்கம் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டுக் கழற்றச் சொன்னேன். அவள் தயங்கினாள். பத்துப் பேர் பார்க்க நானே அவள் செருப்பை எடுத்து மண்டபத்துக்கு வெளியே எறிந்தேன். கால் மணி நேரத்தில் கங்கை மிதித்தாள். பார்த்து நடக்க வேண்டாமா என்று அப்போதும் வைதேன். அவள் வீட்டுக்காரன் வந்து கேட்டபோது அவனிடமும் அதையேதான் சொன்னேன்.

எனக்குத் தெறித்த கங்கு என் நேரம். அவளுக்குத் தெறித்தது அவள் கவனக்குறைவு. இப்படித்தான் இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை முதலில் அவளைத்தான் சுட்டது.

சிஸ்டர், இந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. அதிரசம் அரை. உலகம்மாள் பக்கத்திலேயே இருந்தாள், பொய் இல்லை. சுகர் 132. ஓரமும் மூடிவிட்டது.

ஐப்பசி 21, வெள்ளி

செருப்பு வந்தது. என் காலுக்கு அளவெடுத்துச் செய்தது. விரல் இல்லாத இடத்தில் மெத்தென்று அடைத்திருக்கிறார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, நடக்க நன்றாக இருக்கிறது. கார்த்திகையிலிருந்து, ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் நிற்கலாம் என்றார் டாக்டர். மீதி நேரம் நாற்காலி. துண்டு இல்லை, நான்.

சண்முகத்தாய் வீட்டுக்குப் போனேன். கார்த்திகைக் கல்யாணத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். அதற்குமேல் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, தேதியை மட்டும் சொன்னேன். அவள் வருகிறேன் என்றாள்.

கார்த்திகை 11, வியாழன்

மஞ்சளில் பிள்ளையார் பிடித்தேன். கற்பூரம் காட்டி முதல் கொள்ளி வைத்தேன். செருப்போடுதான் வைத்தேன். எதுவும் ஆகவில்லை, அடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆட்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள். எல்லோரும் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். ஒருவரும் நகரவில்லை. பெண்ணின் தாய்மாமன், சபரிமலைக்கு மாலை போட்டவர், வெறுங்காலோடு வந்து நின்றார். தவசிப்பிள்ளை, அடுப்பு முன்னால் செருப்பா, நீங்களா என்று கேட்டார். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் நான் கேட்ட கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்து வலது செருப்பைக் கழற்றிக் காட்டினேன்.

"அக்கினிக்கு ரெண்டு விரல் குடுத்தாச்சு, மாமா. மிச்சம் எட்டும் எனக்கு வேணும்."

அவர் குனிந்து காலைப் பார்த்தார். பாயசத்துக்கு முந்திரி போதுமா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆட்கள் ஒவ்வொருவராக வாசலுக்குப் போய் வந்தார்கள்.

சண்முகத்தாய் மட்டும் போகவில்லை. பழக்க தோஷம், செருப்பை மண்டபத்துக்கு வெளியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று நான் எறிந்த செருப்பு விழுந்த அதே வாசல்தான். இந்த மண்டபத்தில்தான் அது நடந்தது.

எழுந்து வாசலுக்குப் போனேன். அந்தத் தடிச் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்கள் எல்லோரும் பார்க்க, அடுப்புகளைத் தாண்டி வந்து அவள் கால் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணாச்சி, நீங்க போயி இதைத் தொடலாமா?"

"அன்னைக்கும் நான்தான தொட்டேன்" என்றேன். "தப்பு என் பேர்லதான், தாயி. போட்டுக்கோ."

அவள் அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழுந்தாள். புதுத் தோல் மூடிய குதிகாலை முதலில் நுழைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் காய்ந்துவிட்டது, போய்ப் பாருங்கள் என்றாள்.

சுகர் 139. புண்: இல்லை. நின்ற நேரம்: ஐம்பது நிமிடம். சிஸ்டர், இது கடிகாரத்தைப் பார்த்து எழுதியது.